புதிய கல்தான் வளைய வேண்டும்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்லும் சிரமம் வேண்டாம்.

ஷார்ஜாவில் நம் மாவட்டத்துக்காரர்கள் நடத்தும் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, வேலை முடித்து ஊர் திரும்பிய மூத்தவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டும் என்று கேட்டார்கள். போனில் பேசி அனுப்புங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். அந்த உபகாரம் வேண்டாம், எனக்கே எழுத வரும் என்றேன். கேம்பில் பருப்பும் மிளகாயும் சுற்றி வந்த தாளை வீசாமல் வாசித்து வாசித்து வந்த தமிழ் இது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

போன மலரில் மற்றவர்கள் எழுதியதை வாசித்தேன். ஏஜெண்டிடம் ஏமாந்தது, வெயிலில் மயங்கி விழுந்தது, தாய் இறந்தபோது போக முடியாமல் போனது. எல்லாம் உண்மை. எனக்கும் அத்தனையும் நடந்தது. ஆனால் அழுவதற்காக நான் பேனா எடுக்கவில்லை. வளைகுடாவில் தங்கராசு மேஸ்திரி மாதிரி கல் வைக்க ஆள் கிடையாது என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் நானே என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது ஆள் ஒரு கொரியாக்காரர். அவரைப் பற்றியும், ஒரு பழைய கல்லறையின் வடக்குப் பக்கத்தைப் பற்றியும், என்னை ஏன் மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கினார்கள் என்பதைப் பற்றியும் எழுதுகிறேன். அதைப் பற்றி ஷார்ஜாவின் முவைலாவிலிருந்து நம் அறந்தாங்கி வரைக்கும் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். கிறுக்குப் பிடித்துப்போய் யாரோ ஒரு அரபியின் சமாதிக்காக வேலையைத் தொலைத்தான் என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. அவர்களும் இதை வாசிக்கட்டும்.

நான் தொழில் படித்தது கல் குவாரியில். வெடிக்குத் தப்பிய பாறையை உளியால் பிளக்கும் வேலை. பிறகு குவைத்தில் ஃபஹாஹீல் கடற்கரை ஓரம் நடைபாதைக் கல் பதித்தேன். அங்கிருந்து ஷார்ஜா. பெரிய பெரிய மாளிகைகளில் பளிங்குக்கல் ஒட்டினேன். கைவேலையாளாக வந்தவன் மேஸ்திரி ஆனேன். யாரையும் காக்காய் பிடித்து ஆகவில்லை. நான் வைத்த கல்லின்மேல் ரசமட்டத்தை வைத்தால் அதற்குள் இருக்கும் குமிழி நடுக்கோட்டில் நிற்கும், அசையாது. அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

மலையடிவாரத்தில் ஒரு பெரிய நிலத்தை அரசாங்கம் வேலி போட்டுக் காத்துவந்தது. அதற்குள் வட்ட வட்டமான கல்லறைகள். நாலாயிரம் வருஷத்துக்கு மேல் ஆனவை என்றார்கள். அந்த மண்ணில் வண்டி ஓட்டக் கூடாது, ஒட்டகம் மேயக் கூடாது, ஒரு கூழாங்கல்லைக்கூடப் பையில் போடக் கூடாது. இடிந்து கிடந்த கல்லறைகளில் ஒன்றை நிமிர்த்தி, ஜனங்கள் வந்து பார்க்கிற மாதிரி பூங்காவாக்க வேண்டும் என்று எங்கள் கம்பெனிக்கு ஒப்பந்தம் கிடைத்தது. கல் வேலை என்றதும் என்னையும் என் ஆட்களையும் அனுப்பினார்கள். மேற்பார்வைக்கு அரசாங்கம் ஒரு ஆலோசகரை வரவழைத்தது. அவர்தான் நான் சொன்ன கொரியாக்காரர், யூன் சார்.

குள்ளமான மனிதர். தலையில் ஓலைத் தொப்பி, கையில் ஒரு பிளாஸ்க். அதில் வறுத்த வாற்கோதுமை போட்ட தண்ணீர் இருக்கும். அவருடைய ஊர் கியோங்ஜு. ஊர் என்பதா பூங்கா என்பதா, எனக்கே குழப்பமாக இருந்தது. பழைய ராஜாக்கள் ஆண்ட இடமாம். மலையும் கோயிலும் சமாதியுமாகப் பகுதி பகுதியாக எல்லை போட்டு, அதெல்லாம் சேர்ந்து தேசியப் பூங்கா என்று அவர்கள் அரசாங்கம் வைத்திருக்கிறது. அங்கே கல் வேலையிலேயே அவர் தலை நரைத்திருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் போனில் படம் காட்டுவார். சமாதிகள் புல் மூடிய குன்று மாதிரி இருந்தன. ஒரு மலை முழுக்கப் பாறையில் செதுக்கிய புத்தர்கள். சில புத்தர்களுக்குத் தலை இல்லை.

ஒரு புதுத் தலை செய்து வைத்துவிடலாமே, நானே செய்து தருவேனே என்றேன். நிஜமாகவே செய்திருப்பேன்.

"எந்த முகம் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது. அதனால் தலை இல்லாமல் இருக்கட்டும்" என்றார்.

அவர் பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி சைட்டில் பொறுக்கிய இந்தி. என்னை 'பான்ஜாங்' என்று கூப்பிடுவார். அவர்கள் பாஷையில் ஆட்களுக்குத் தலைவன். காலையில் வந்ததும் கல்லறைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி இடுப்பு வரை குனிவார். ஆட்கள் சிரித்தார்கள். வாட்ச்மேன் ஒரு பட்டாணி முஸ்லிம், சமாதியைக் கும்பிடுகிறாரோ என்று சந்தேகப்பட்டு என்னிடம் வந்து கேட்டான். நான் யூன் சாரிடமே கேட்டேன். கும்பிடவில்லை, பெரியவர் வீட்டுக்குள் அவரைக் கேட்காமல் நுழைகிறோம் அல்லவா, அதற்கு என்றார். இதைப் பட்டாணியிடம் சொன்னேன். மறுநாள் முதல் அவனும் அந்தப் பக்கம் போகும்போது சத்தமாகப் பேசுவதை விட்டான்.

அவர் ஒரு வேலையைச் சொல்லும் விதம் தனி. ஒரு தடவை சொல்வார். இன்னொரு தடவை சொல்வார். பிறகு நீ சொல்லு என்பார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரிய மேஸ்திரிக்கு இதென்ன பள்ளிக்கூடம் என்று எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அவர் குரலை உயர்த்தி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பிளாஸ்க்கைத் திறந்து குடிப்பார். குடிக்கும் நேரம் நீளமாக நீளமாகக் கோபம் பெரிது என்று அர்த்தம்.

எங்களுக்குள் முதல் உரசல் முதல் வாரமே வந்தது. கல்லறையின் வெளிச்சுவரில் கீழ் வரிசைக் கற்கள் மட்டும் நின்றன. வெள்ளைச் சுண்ணாம்புக்கல். முகம் நன்றாகக் கொத்தி வழவழப்பாக இருந்தது. மேல்பக்கம்தான் உடைந்து, காற்றில் தேய்ந்து, பல் விழுந்த வாய் மாதிரி மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. நம் பக்கத்துக் கொத்தனார் யாராக இருந்தாலும் என்ன செய்வான்? முதலில் அடித்தளத்தைச் சமன் செய்வான். அடி மட்டமாக இல்லாமல் மேலே கல் ஏற்றுகிறவனைத் தொழில்காரன் என்றே சொல்ல மாட்டோம். நான் ரசமட்டத்தைப் பழைய கல்மேல் வைத்து, இவ்வளவு மேட்டைக் கொத்தி எடுத்துவிடலாம் என்று கரித்துண்டை எடுத்தேன்.

யூன் சார் ரசமட்டத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். நடந்துபோய் அவருடைய வண்டியில் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து பிளாஸ்க்கைத் திறந்தார். வெகுநேரம் குடித்தார்.

பிறகு சொன்னார். பழைய கல் வளையாது, புதிய கல்தான் வளைய வேண்டும். இரண்டாவது தடவையும் சொன்னார். நீ சொல்லு என்றார்.

நான் சொல்லவில்லை. மட்டம் இல்லாமல் வைத்த கல் நிற்காது, என் பேர் கெட்டுப்போகும் என்றேன். அவர் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். அவர்கள் ஊர்ப் பெரிய புத்தர் கோயிலின் மேடை. கீழே ஆற்றில் புரண்டு வந்த மாதிரி உருண்டைப் பாறைகள். அதன்மேல் நீளமான கொத்துக் கல். அந்தக் கொத்துக் கல்லின் அடிப்பக்கம், கீழே உள்ள பாறைகளின் வளைவுக்கு ஏற்றபடி அலை அலையாக வெட்டப்பட்டிருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கிறது, பூமி அதிர்ந்தபோதும் நின்றது என்றார். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடுக்கு தெரியவில்லை. ஒரு நல்ல வேலையைப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாமல் இருக்க எனக்குத் தெரியாது. புதிய கல்தான் வளைய வேண்டும் என்று திருப்பிச் சொன்னேன்.

அந்த வேலையின் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

புதுக் கல்லைச் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியில் தூக்கி, பழைய கல்லுக்குச் சற்று மேலே அந்தரத்தில் நிறுத்த வேண்டும். ஆடக் கூடாது. யூன் சாரிடம் மூங்கிலில் செய்த ஒரு கருவி இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கவராயம் மாதிரி இரண்டு கால். கீழ்க்கால் பழைய கல்லின் உடைந்த விளிம்பின்மேல் ஏறி இறங்கிப் போகும். மையில் தோய்த்த மேல்கால் அதே ஏற்ற இறக்கத்தைப் புதுக் கல்லின் முகத்தில் கோடாக இழுக்கும். கை நடுங்கினால் கோடும் நடுங்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பேன். பிறகு கல்லை இறக்கி, கயிற்றுக்கு வெளியே கொண்டுபோய், கோடு வரைக்கும் உளியால் கொத்த வேண்டும். கல்லறையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கயிறு கட்டியிருந்தார். அதற்குள் கல் சீவும் மின்சாரக் கிரைண்டர் வரக் கூடாது என்பது சட்டம்.

கொத்திய கல்லை மறுபடி ஏற்றி, இடையில் ஒரு மெல்லிய தாளை விரிப்போம். தாளின் மேல்பக்கம் மட்டும் காவி பூசியிருக்கும். பழைய கல்லில் ஒரு பொட்டுக்கூடப் படாது. புதுக் கல்லை இறக்கி, மறுபடி தூக்கினால் எங்கே இடிக்கிறதோ அங்கே காவி ஒட்டியிருக்கும். அதை மட்டும் கொத்துவோம். மறுபடி ஏற்று, மறுபடி இறக்கு. அடிப்பக்கம் முழுக்கக் காவி ஒரே மாதிரி ஒட்டும்போதுதான் கல் உட்கார்ந்தது என்று அர்த்தம். கடைசியில் புதுக் கல்லின் பின்முகத்தில் ஒரு சின்ன வட்டம் கொத்துவோம். பின்னால் வருகிறவன் இதைப் பழைய கல் என்று ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக.

ஆட்கள் முனகினார்கள். வீடு கட்டியிருந்தால் இந்நேரம் மாடியே போட்டிருப்போம் என்றார்கள். என் தங்கை புருஷன் சுப்பையா என் கூட்டத்தில்தான் இருந்தான். விசா எடுத்து நான்தான் கொண்டுவந்தேன். அவன் சொன்னான்: "மச்சான், பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட நீங்க இம்புட்டு தடவை ஏத்தி எறக்கிப் பார்க்கலை."

ஆனால் ஒரு நாள் வடக்குப் பக்கத்துக் கீழ் வரிசையில் மண்ணைத் தூரிகையால் தள்ளும்போது, ஒரு பழைய கல்லின் ஓரத்தில் உளித் தடம் தெரிந்தது. சாய்வாக, நெருக்கமாக, ஒரே அளவில். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் தடம் கொஞ்சம் ஆழமாக இறங்கி, உடனே திருத்தப்பட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உளி வழுக்கினால் நானும் அப்படித்தான் அடுத்த அடியைச் சாய்த்துப் போட்டு மறைப்பேன். அவனும் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டான். நாலாயிரம் வருஷம் கழித்து இன்னொரு கல் தச்சன் கண்டுபிடிப்பான் என்று நினைத்திருக்கவும் மாட்டான். அன்றைக்குப் பிறகு அந்த வடக்குப் பக்கத்தை வேறு யாரையும் தொட விடாமல் நானே பார்த்தேன்.

தெற்கும் கிழக்கும் மேற்கும் முடிந்து வடக்கு பாதியில் நிற்கும்போது யூன் சாருடைய அம்மாவுக்கு முடியாமல் போய் அவர் ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னார். நான் வரும்வரை வடக்குப் பக்கம் அப்படியே இருக்கட்டும். இரண்டு தடவை சொன்னார். நானும் சொன்னேன்.

அவர் விமானம் ஏறிய கொஞ்ச நாளிலேயே பூங்காவின் திறப்பு விழாத் தேதியை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். பெரிய இடத்து ஆள் வருகிறார், அவருக்கு ஒழிவு அப்போதுதான். எங்கள் கம்பெனியின் சைட் எஞ்சினீயர் செல்வின், நாசரேத் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் வெகு இளையவர். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் எங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் மேலே இருந்து அவருக்கு நெருப்பு வைத்தார்கள். அவர் என் முன்னாலேயே யூன் சாருக்குப் போன் போட்டார். முடியாது, நான் வரும்வரை காத்திருங்கள் என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. செல்வின் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அவரு ஆலோசகர். ஆலோசனை சொல்லியாச்சு. கையெழுத்து போட்டது நம்ம கம்பெனிலா. கீழ் வரிசைய கிரைண்டர் வச்சு சமமா அடிச்சிருங்க. மிஷின்ல வெட்டுன கல்லு நாளைக்கு வந்துரும். ஏத்திட்டா முடிஞ்சுது."

பழைய கல்லை அடிக்க மாட்டேன் என்றேன்.

"வெளிய ஒண்ணும் தெரியாது. மேல கல்லு வந்து மூடிரும்."

மூடினாலும் அடிக்க மாட்டேன் என்றேன்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நல்லவிதமாகத்தான் பேசினார். இந்த வேலை முடிந்தால் என்னை எல்லா சைட்டுக்கும் தலைமை மேஸ்திரியாகப் போட ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். முடியாவிட்டால் தன் வேலையே போய்விடும் என்றும் சொன்னார். இரண்டும் பொய்யில்லை.

"அந்தக் கல்லக் கொத்துனவன் எந்திரிச்சு வந்து கேக்கப் போறானா, அண்ணாச்சி?"

"அவன் வர வேண்டாம். நான் கேக்குறேன்ல" என்றேன்.

அதன்பிறகு அவர் குரல் மாறியது. அப்படியானால் விசா கேன்சல், டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவேன், உன் ஆட்கள் யார் எதிர்த்தாலும் அவர்களுக்கும் அதேதான் என்றார். ஆட்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். யாராவது ஒருவர் கிரைண்டரை எடுத்தால் அவரே இனி மேஸ்திரி என்றார். யாரும் அசையவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போய், சுப்பையாவிடம் நின்றார். சுப்பையாவின் விசா அந்த மாதம் புதுப்பிக்க வேண்டியது.

சுப்பையா போய்க் கிரைண்டரை எடுத்தான்.

நான் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், உளித் தடம் இருந்த கல்லுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் சைட்டில் வேலை நேரத்தில் சும்மா உட்கார்ந்தது அன்று ஒரு நாள்தான்.

"எந்திரிங்க மச்சான்."

"நீ போ மாப்ளே."

"போயி எங்க போறது? நீங்கதானே கொண்டாந்து விட்டீங்க. எனக்கென்ன ஆசையா? நீங்க போயிட்டாலும் நாளைக்கு வேற ஒருத்தன் வந்து இதை அடிக்கத்தான் போறான். அதை நான் அடிச்சுட்டுப் போறேன். எந்திரிங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பின்னால் நின்ற மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள். உங்களுக்கு வயசாகிவிட்டது, நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், நாங்கள் இன்னும் இருக்க வேண்டாமா என்று ஒருவன் கேட்டான். இருங்களேன், நான் யாரையும் என்னோடு உட்காரச் சொல்லவில்லையே என்றேன். உண்மையிலேயே சொல்லவில்லை. இன்றைக்குக் கதை சொல்கிறவர்கள் நான் ஆட்களைத் தூண்டிவிட்டேன் என்கிறார்கள். பொய். அது என் சொந்த விவகாரம்.

சுப்பையா எனக்குப் பின்பக்கமாக வந்து, கல்லின் மறுமுனையில் கிரைண்டரின் சுழல்தட்டை வைத்துச் சுவிட்சைப் போட்டான். வெள்ளைப் புகை எழுந்தது. அந்தச் சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. தட்டு மேட்டைச் சீவிக்கொண்டு உளித் தடத்தை நோக்கி வந்தது. நான் இடது கையை விரித்து அந்தத் தடத்தின்மேல் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் வைத்த பிறகு யோசித்தேன். யோசித்தும் எடுக்கவில்லை.

புகைக்குள் அவனுக்கு என் கை தெரிந்ததா இல்லையா, இன்றுவரை தெரியாது. தட்டு என் சுண்டுவிரலுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது. கிரைண்டரை மணலில் எறிந்தான். என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். அவன் பெண்டாட்டியின் பரம்பரையும் அதுதான் என்பது அப்போது அவனுக்கு நினைவில்லை. திட்டி முடித்துவிட்டுக் கயிற்றுக்கு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றான்.

செல்வின் வேறு ஆளைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. என்மேல் பாசத்தால் என்று சொல்ல மாட்டேன். மேஸ்திரியின் விரலை வெட்டினான் என்ற பேர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வெயில் தலைக்கு ஏறும்வரை நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் செல்வின், கலாஸ், முடிந்தது, எல்லாரும் வண்டியில் ஏறுங்கள் என்றார். நான் கடைசி ஆளாக ஏறினேன்.

திறப்பு விழா நடந்தது. வடக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வலைத்துணியைக் கட்டி, அதில் ஒட்டகப் படம் அச்சடித்து மறைத்துவிட்டார்கள். பெரிய இடத்து ஆள் தெற்குப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, காவா என்கிற அரபிக் காப்பியைக் குடித்துவிட்டு, பத்து நிமிஷத்தில் போய்விட்டார் என்று வாட்ச்மேன் சொன்னான். அத்தனை அவசரமும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு பக்கத்துக்காக. செல்வின் வேலையும் போகவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

என் விசாவைக் கேன்சல் செய்யவில்லை. ஆள் பற்றாக்குறை. மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கி, முவைலாவில் புதுக் கட்டடங்களின் வாசலில் இன்டர்லாக் கல் பதிக்கும் கூட்டத்தில் போட்டார்கள். எனக்கு மேஸ்திரியாக வந்தவன் மீசை சரியாக முளைக்காதவன். நான் அவனிடம் முகம் சுளிக்கவில்லை. நான் பதித்த நடைபாதையில் லாரி ஏறியும் ஒரு கல் இறங்கவில்லை. போய்ப் பாருங்கள், இன்றும் இருக்கிறது.

அங்கேதான் யூன் சார் என்னைத் தேடி வந்தார். அம்மா காரியம் எல்லாம் முடித்துத் திரும்பியிருந்தார். மெலிந்திருந்தார். எனக்காக வருத்தப்படுவார், தட்டிக்கொடுப்பார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் நடைபாதையில் குத்தவைத்து உட்கார்ந்து, நான் அப்போதுதான் வைத்த கல்லை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாக ஒன்று கேட்டார்.

"கை வைத்தபோது கிளவுஸ் போட்டிருந்தாயா?"

இல்லை என்றேன். பிளாஸ்க்கைத் திறந்தார். வியர்வையில் உப்பு இருக்கிறது, உப்பு அந்தக் கல்லைத் தின்னும் என்றார். இரண்டு தடவை சொன்னார். அந்த மனிதரை எனக்கு ஏன் பிடிக்கும் என்றால் இதற்காகத்தான்.

பிறகு சீவப்பட்ட இடத்தைப் பற்றிப் பேசினோம். சுப்பையா கை நீளத்துக்குச் சீவிவிட்டிருந்தான். அந்த இடம் மட்டும் தட்டையாக, பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. சுண்ணாம்பும் கல்தூளும் குழைத்துப் பழையபடி மேடு செய்துவிடலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். அந்தக் கல்லுக்கு நடந்தது நடந்துவிட்டது, இப்போது இருக்கிற கல்தான் பழைய கல் என்றார். புதுக் கல் அந்த வெட்டுக்கும் சேர்த்து வளைய வேண்டும்.

உன்னைத் திரும்பக் கேட்டேன், கம்பெனி தர மாட்டேன் என்கிறது என்றார். நான் உங்களிடம் கேட்கவில்லையே என்றேன். வேறு யாரை வைத்து முடிக்கிறீர்கள் என்றேன். கொஞ்சம் தயங்கி, சுப்பையா என்றார். நல்லது, அவனுக்கு வலது கை அடி கொஞ்சம் கனம், கடைசிச் சுற்றில் சின்ன உளியைக் கொடுங்கள் என்றேன். திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். திருப்பியும் சொன்னார்.

சுப்பையா வடக்குப் பக்கத்தை முடித்தான். மேஸ்திரி ஆனான். இதற்காக எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை என்று ஊரில் கதை. பேச்சு ஒரு நாளும் நின்றதில்லை. என் தங்கைதான் எங்கள் இரண்டு பேரையும் போனில் மாறி மாறித் திட்டினாள்.

ஊர் திரும்பும் முன்னால் சுப்பையா என்னை அந்தப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அடுத்த கல்லறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு மிஷின் பழைய கல்லின்மேல் வெளிச்சத்தை ஓட்டி, மேடு பள்ளத்தைப் படமாக எடுக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து இன்னொரு மிஷின் புதுக் கல்லை அப்படியே வெட்டித் தந்துவிடுகிறது. மூங்கிலும் காவியும் வேண்டாம். நான் மூக்கைச் சிந்துவேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் குனிந்து இடுக்கைப் பார்த்தேன். சுத்தமான வேலை. சபாஷ் என்றேன். கையால் வெட்டு, மிஷினால் வெட்டு, எனக்கு அதில் வழக்கு கிடையாது. எந்தக் கல்லை வெட்டுகிறாய் என்பதில்தான் வழக்கு.

பிறகு வடக்குப் பக்கம் போனோம். கயிறு இன்னும் கட்டியிருந்தது. சுப்பையா மேஸ்திரி என்பதால் எங்களை உள்ளே விட்டார்கள். அவன் வைத்த கல்லைப் பார்த்தேன். உடைந்த விளிம்பின்மேல் ஏறி, இறங்கி, அந்தத் தட்டை வெட்டு வந்த இடத்தில் தானும் தட்டையாகி, மறுபடி வளைந்து போகிறது. இடுக்கு இல்லை. என்னைவிட நன்றாகச் செய்திருந்தான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என் அளவுக்குச் செய்திருந்தான்.

நான் பார்த்து முடிக்கும்வரை நின்றான். பிறகு, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டான்.

"மச்சான், அன்னைக்கு நான் சுவிட்சை அமத்தலைன்னா?"

"அமத்தலைன்னா எனக்கு ஒரு விரல் குறைஞ்சிருக்கும்" என்றேன். "நீ அன்னைக்கே மேஸ்திரி ஆயிருப்ப. ஆனா நான் கைய எடுத்திருக்க மாட்டேன். கல்லு இப்ப இருக்கிற மாதிரியேதான் இருந்திருக்கும்."